மாமியார் பார்த்த மனை

புதுச்சேரியில் ஓர் ஓட்டல் மாடியில் மனை விற்பவர்களுக்கென்று நடந்த ஒருநாள் பயிற்சியில்தான் அந்த வார்த்தை என் காதில் முதலில் விழுந்தது. பிராண்ட். பற்பசைக்கும் பனியனுக்கும் இருப்பது மனுஷிக்கும் இருக்க வேண்டுமாம். கோட்டு போட்ட பயிற்சியாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாரும் உங்ககிட்ட நிலம் வாங்கறதில்ல. உங்களைத்தான் வாங்கறாங்க." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்தக் கூடத்தில் பெண் நான் ஒருத்திதான்.

அதற்கு முன்னால் வில்லியனூரில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்து போகும் மனை புரோக்கர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. அவர்கள் செய்த வேலை பெரும்பாலும் டீ குடிப்பதும் போன் பேசுவதும்தான். இரண்டும் எனக்கு நன்றாக வரும். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. "செய்யறதுன்னா செய், ஆனா என்ன பேண்ட் சட்ட போட்டுக்கினு கூட வரச் சொல்லாத" என்றார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பயிற்சியாளர் சொன்னபடி முதலில் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். கத்தரிப்பூ நிறம். பிறகு ஒரு வாசகம். "கனவு மனை, கைக்கெட்டும் தூரத்தில்." கடைசியாக முகம். அது ஏற்கெனவே என்னிடம் இருந்தது என்று நினைத்தேன். பிளெக்ஸ் போர்டு அடிக்கிறவர் அப்படி நினைக்கவில்லை. கம்ப்யூட்டரில் என் போட்டோவைத் திறந்து கொஞ்சம் வெளுக்க வைத்தார். மூக்கை லேசாகக் கிள்ளி எடுத்தார். கன்னத்தில் கொஞ்சம் ரோஸ். நான் திரையைப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்றேன். "நீங்கதான் மேடம், லைட்டிங் மட்டும் மாத்திருக்கேன்" என்றார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கும் பிடித்துப் போயிற்று. நெட்டப்பாக்கம் கூட்டு ரோட்டில் போர்டு ஏறியது.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த என் மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"யார்டி அது, ஒரு வெள்ளக்காரி ஒன் சேலைய கட்டிக்கினு கூட்ரோட்ல நிக்கறா?"

"அது நான்தான் அத்த."

என்னையே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அப்ப தோ இங்க நிக்கறது?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. போர்டைப் பார்த்துவிட்டு மனை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். "மேடம் வரலியா?" என்பார்கள். "நான்தாங்க" என்பேன். "இல்லம்மா, போர்டுல இருக்கறவங்க." கரியமாணிக்கத்திலிருந்து வந்த ஒருவர் நம்பவே மாட்டேன் என்று நின்றபோது எனக்கு அலுத்துப் போய், "அவங்க லீவுல இருக்காங்க. நான் அவங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் மனையை விட்டுவிட்டு, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார் இறந்த பிறகு நெல்லும் கரும்புமாகத் தனியாகவே பயிர் வைத்துப் பிள்ளையை வளர்த்தவர். உழைப்புக்கு அஞ்சாதவர், ஒருத்தர் காசுக்கு ஆசைப்படாதவர். இதையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போதே, "வத்தக்குழம்பு நல்லாத்தான் வெச்சிருப்பான், அடுப்புல மறந்துட்டான்" என்பார். வாராது வந்த மழையைப் பார்த்து, "இதான் வர்ற நேரமா" என்பார். இழவு வீட்டில்கூட ஒருமுறை, "போறதுதான் போனான், அறுப்பு முடிஞ்சி போயிருந்தா நாலு பேரு நிம்மதியா அழுதிருப்பாங்க" என்று சொன்னார். அங்கே அழுதுகொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்படிப்பட்டவர் மருமகளை என்ன பாடு படுத்தியிருப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

போர்டு கைகொடுக்காததால் வீடியோவுக்கு மாறினேன். வீட்டுக்காரர் போனைப் பிடிப்பார், நான் மனைக்கு நடுவில் நின்று கைகளை விரித்துக்கொண்டு பேசுவேன். அவருக்குச் சளி. வீடியோ முழுக்க அவர் மூச்சுதான் பெரிதாகக் கேட்கும். பார்த்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். அதிலும் என் சித்தி ஒருத்தி, "புடவை சூப்பர், மனை எங்க?" என்று எழுதியிருந்தாள்.

ஒருநாள் பண்டசோழநல்லூர் பக்கம் ஒரு புது மனைப்பிரிவை வீடியோ எடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்டு. மாமியார் அந்த ஊரிலிருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்று என் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டார். வேறு வழியில்லாமல் போனை அவர் கையில் கொடுத்தேன்.

"இந்த செவப்புப் புள்ளி எரியுதா பாருங்க. ஆட்டாம புடிங்க அத்த. முக்கியமா பேசாதீங்க."

"நான் ஏன்டி பேசப் போறேன்?"

தலைப்பைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தேன். "வணக்கம் நண்பர்களே. பண்டசோழநல்லூர் அருகே, பசுமை சூழ்ந்த இயற்கையான இடத்தில்..."

"கரும்புக் கொல்லய சொல்றியா? மாசியில வெட்டிட்டா மண்ட பொளக்கும் வெயிலு" என்றது போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த புன்னகையை விடாமல் தொடர்ந்தேன். "அகலமான தார் ரோடு வசதியுடன்..."

"அந்த ரோட்டு வழியாத்தான் பொழுது போனா எல்லாரும் சாராயக்கடைக்குப் போவானுங்க. அத சொல்லு."

"அத்த, பேசாதீங்க."

"போவும்போது ஒண்ணியும் ஆவாது. திரும்பி வரும்போதுதான் வம்பு. எவன் வூட்டுக் கதவுன்னு பாக்காம தட்டுவான்." அதோடு நிற்காமல் போனை அப்படியே திருப்பி, கரும்புக்கு அப்பால் தெரிந்த பச்சைத் தகரக் கொட்டகையைக் காட்டினார். "தோ பாருங்க, தெரியுதா? அதான்." பிறகு எப்படித் திருப்பினாரோ, திரை முழுக்க அவருடைய முகவாய்க்கட்டையும் மூக்குத்தியும் வந்து நின்றன. "புள்ளி எரியுதாடி இன்னும்?" என்பதோடு வீடியோ முடிந்தது.

வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். பாகூரிலிருக்கும் என் தங்கைக்கு மட்டும் அனுப்பினேன். அவள் தன் தோழிகளுக்கு மட்டும் அனுப்பினாள். அவர்கள் தங்கள் குழுக்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். மறுநாள் காலையில் பால் ஊற்றப் போன இடத்தில் சொசைட்டிக்காரர் என் மாமியாரைப் பார்த்து, "புள்ளி எரியுதா பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மனைப்பிரிவின் முதலாளி எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, நீ மனைய விக்க வந்தியா, எனக்கு வேட்டு வெக்க வந்தியா?"

நான் சொன்ன எந்த மன்னிப்பும் அவர் காதில் ஏறவில்லை. சாயங்காலமே ஆளை அனுப்பி, அவருடைய போர்டில் இருந்த என் நம்பர் மீது வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியாரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். அவருக்கோ நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்பதே விளங்கவில்லை. மகனிடம் போய், "ஏன்டா, அங்க சாராயக்கடை இருக்குதா இல்லியா? நீயே சொல்லு" என்று நியாயம் கேட்டார். என் வீட்டுக்காரர் நடுநிலை வகித்தார். அதாவது, துண்டை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குக் குளிக்கப் போய்விட்டார்.

நான் மறுபடி ஜெராக்ஸ் கடைக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது புது நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வில்லியனூரில் வாடகைக்குக் குடியிருக்கும் டீச்சர் ஒருவர். அவர் கணவரும் வாத்தியார்தான்.

"நீங்க தானே வீடியோவுல பேசறது?"

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க, அது தெரியாம..."

"இல்ல, உங்களப் பத்தி கேக்கல. பின்னாடி பேசறாங்களே, அவங்க யாரு?"

"எங்க மாமியார்."

"அவங்க எந்த மனைய நல்லா இருக்குன்னு சொல்றாங்களோ, அத எங்களுக்குக் காட்டுங்க. நாங்க ரெண்டு வருஷமா பாக்கறோம். எல்லாரும் எல்லாத்தையும் நல்லா இருக்குன்னே சொல்றாங்க."

போனை வைத்ததும் நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். நான் பேசாமல் இருந்ததை மாமியார் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. சாணி அள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எதுக்குடி வரணும்? எனக்கு மாடு இருக்குது."

"மாட்ட உங்க புள்ள பாத்துக்குவாரு."

"அவனா? அவன் கிட்ட போனா மாடே சிரிக்கும்." ஆனால் சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டார். ஆசை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பிறகு அங்கேயே நிபந்தனைகளைச் சொன்னார். பொய் சொல்லச் சொல்லக் கூடாது. சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பழைய போர்டை இறக்கிவிட்டுப் புதிய போர்டுக்குப் போட்டோ எடுக்க அவரைக் கூட்டிப் போனேன். பிளெக்ஸ்காரர் பழக்க தோஷத்தில், "அம்மாவ கொஞ்சம் பிரைட் பண்ணிடலாமா?" என்றார்.

"ஏம்பா, நான் இன்னா ட்யூப்லைட்டா? என் மூஞ்சி எப்படி இருக்குதோ அப்படியே போடு."

அப்படியே போட்டார். நெற்றியைச் சுருக்கி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போர்டைப் பார்ப்பவர்களையே குறை சொல்லப் போகிறவர் மாதிரி என் மாமியார் நின்றார். மூலையில் தீப்பெட்டி அளவுக்கு நான். மேலே கத்தரிப்பூ நிறத்தில் கொட்டை எழுத்தில் "மாமியார் பார்த்த மனை". முதல் தடவையாக, போர்டில் இருப்பவரும் நேரில் வருபவரும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

அவர் மனை பார்க்கும் விதமே தனி. மனைக்குள் நேராகப் போக மாட்டார். பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்பார். தண்ணீர் வரும். வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதற்குள் அந்த வீட்டுப் பெண்ணிடம் உறவு கண்டுபிடித்துவிடுவார். மழைக்குத் தண்ணீர் எந்தப் படிவரை ஏறும், இருட்டினால் பெண்பிள்ளைகள் டியூஷனுக்குப் போய் வரலாமா, குப்பை வண்டி தினமும் வருகிறதா, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுத்தால் தெருவிளக்கு எரியுமா எரியாதா என்று எல்லாம் வந்துவிடும். புரோக்கரிடம் யாரும் வாயைத் திறக்காத விஷயங்கள் இவை. அதற்குப் பிறகுதான் மனையில் போய் நின்று, போனைப் பார்த்து வாயைத் திறப்பார்.

"தண்ணி இனிக்குது. ரோடு மேடா இருக்குது, மழ பேஞ்சா வூட்டுக்குள்ள வந்துதான் நிக்கும். ரெண்டு படி ஏத்திக் கட்றவன் வாங்கலாம். மத்தவன் வேற எடம் பாரு." அவ்வளவுதான் அவர் வீடியோ.

இப்படிக் குறை சொன்னால் யார் வாங்குவார்கள் என்றுதான் நான் பயந்தேன். வாங்கினார்கள். குறை இன்னதென்று தெரிந்துவிட்டதால் பயம் போய்விட்டது போலிருக்கிறது. முதல் வீடியோவில் வந்த பண்டசோழநல்லூர் மனைக்குக்கூட ஒருவர் கூப்பிட்டார்.

"அந்த சாராயக்கடை பக்கத்து மனை இன்னும் இருக்குதா மேடம்?"

"இருக்குது. ஆனா சார், வீடியோவ முழுசா பாத்தீங்களா?"

"அதப் பாத்துட்டுத்தான் கூப்புடறேன். முன்னாடி ஒரு சுண்டல் கட போடலாம்னு ஐடியா."

அவர் இரண்டு மனையாகச் சேர்த்து வாங்கிக்கொண்டார். என் நம்பர் மீது தாள் ஒட்டிய முதலாளியே ஆள் விட்டுத் தாளைக் கிழித்தார். என் மாமியாருக்கு ஒரு புடவையும் அனுப்பினார். "பார்டர் சாயம் போவும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் தம்பதியருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. எந்த மனையைப் பார்த்தாலும் மாமியார் ஏதாவது சொல்லுவார். அவர்கள் தலையாட்டிவிட்டு, "அடுத்தது பாப்போம்" என்று சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். குறை கேட்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய புரோக்கர், அந்தப் புதுச்சேரிப் பயிற்சிக்கும் வந்திருந்தவர். அவர் போர்டு இல்லாத ரோடு இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு காரின் மீது சாய்ந்துகொண்டு கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் "மனை மன்னர்" என்று எழுதியிருக்கும். ஒருநாள் ஆப்பிள் பையும் சால்வையுமாக எங்கள் வீட்டுக்குள் வந்து, என்னைக் கடந்து போய், மாமியாருக்குச் சால்வை போர்த்தினார்.

"அம்மா, செல்லிப்பட்டுல நம்ம லேஅவுட் ஒண்ணு இருக்குது. நீங்க ஒருவாட்டி வந்து பாக்கணும். தங்கச்சிக்குத் தொந்தரவு வேணாம், நானே கார்ல கூட்டிக்கினு போய் வுட்டுடறேன்."

மாமியார் அவரை நிச்சயம் துரத்திவிடுவார் என்று நம்பி நின்றுகொண்டிருந்தேன். மாமியார் ஆப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏசி இருக்குதாப்பா கார்ல?" என்றார்.

மறுநாள் முன்சீட்டில் ஏறிப் போனார். தெருவே பார்த்தது. நான் அன்று முழுக்கக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன். நான் கண்டுபிடித்த மாமியாரை இன்னொருவர் காரில் ஏற்றிக்கொண்டு போவதென்றால் எப்படி இருக்கும். கிரீடத்தைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கிரீடம் என்னைத் திட்டாத நாளில்லை. மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார்.

"இன்னா அத்த, எத்தினி கொற சொன்னீங்க?"

அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "கொறையே இல்லடி" என்றார் மெதுவாக. "தண்ணி நல்லா இருக்குது. மேட்டுல இருக்குது. ஆத்துல வெள்ளம் வந்தப்பகூட கீழ நெலத்தோட நின்னுட்சாம், டீக்கடைக்காரி சொன்னா. பஸ்ஸு வருது. ஸ்கூல் இருக்குது. சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல."

"ஒடம்பு சரியில்லியா?"

"சும்மா இருடி. நானே பயந்து போயிருக்கேன்."

வெள்ளைச் சட்டைக்காரரின் வீடியோ வந்தது. மேலேயிருந்து டிரோன் பறந்து வந்தது. பின்னணியில் நாதஸ்வரம். மாலை போட்ட என் மாமியார் மெதுவாகத் திரும்பி, "நல்லா இருக்குது" என்றார். அதையே திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். நல்லா இருக்குது, நல்லா இருக்குது, நல்லா இருக்குது.

ஊர் நம்பவில்லை. கீழே எழுதியவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள். மாமியாரை விலைக்கு வாங்கிவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்தாலே மிரட்டிச் சொல்ல வைத்தது தெரிகிறது. ஒருவர், இது உண்மையான மாமியார் இல்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்றார். பால் சொசைட்டியில் பெண்கள், "ஏசி காரு எப்டி இருந்துச்சு?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

அன்று அவர் சொசைட்டியிலிருந்து வந்து மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுக் காபியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இத்தினி வருஷமா கொற சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். "எவளும் ஏன்னு கேக்கல. ஒரே ஒரு நாள் நல்லா இருக்குதுன்னேன், காசு வாங்கிட்டேன்றாளுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டது அன்றுதான். அவருக்கு அது தெரிந்திருந்தால் அதையும் குறை சொல்லியிருப்பார்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆப்பிள் இல்லை. என்னைக் கடந்தும் போகவில்லை.

"தங்கச்சி, ஒருத்தன்கூட மனை பாக்க வரமாட்டேங்கறான். டிரோனுக்கு வேற காசு கொடுத்துட்டேன். நீதான் எதனா பண்ணணும்."

"குறையே இல்லன்னா நான் இன்னா பண்றது? எங்க அத்த பொய் சொல்ல மாட்டாங்க."

"ஒரு சின்ன கொற போதும்மா. உண்மையா ஒரே ஒரு கொற."

அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் செல்லிப்பட்டுக்குப் போனோம். போன் பிடிக்க என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். மாமியார் காரை விட்டு இறங்கியதும் தேட ஆரம்பித்தார். கல்லைப் புரட்டினார். வேலியை ஆட்டிப் பார்த்தார். டீக்கடையில் மறுபடி தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தார். மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். நேரம் ஆக ஆக அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. அத்தனை பெரிய இடம் தன்னை அவமானப்படுத்துவதற்காகவே ஒழுங்காக இருக்கிறது என்பதுபோல நடந்தார். வெள்ளைச் சட்டைக்காரரோ பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க பார்க் வருது. அம்மா, அங்க ஆர்ச்சு வருது. காத்த பாருங்கம்மா, ஆத்துக் காத்து. அம்மா, எங்க கஸ்டமர் ஒருத்தரு இன்னா சொன்னாருன்னா..."

மாமியார் நின்றார். திரும்பினார். நெற்றி சுருங்கியது. பல நாட்களுக்குப் பிறகு அந்த நெற்றியைப் பார்த்ததும் நான் வீட்டுக்காரரின் முழங்கையை இடித்தேன். அவர் போனைத் தூக்கினார்.

"மனையில ஒரு கொறையும் இல்ல" என்றார் மாமியார். "கொற தோ இவன்தான். வந்ததுலேர்ந்து வாய மூடல. ஒரு நிமிஷம் நின்னு மண்ணப் பாக்க வுடறானா? காத்தாம் காத்து, இவன் மூச்சுக் காத்துதான் காதுல அடிக்குது. வாங்கறவங்க மனைய வாங்கிக்கினு, இவன ஆத்துக்கு அந்தாண்ட அனுப்பிடுங்க. அப்பதான் நிம்மதியா குடியிருக்க முடியும்."

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வீடியோவின் கடைசிப் பாதி முழுக்க வானம்தான். வெள்ளைச் சட்டைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அது அவருக்குச் சுலபமான காரியமில்லை.

"இத போடலாமா அண்ணா?" என்று கேட்டேன்.

"போடும்மா" என்றார். எப்படியிருந்தாலும் விற்கத் தெரிந்தவர்.

போட்டோம். அதற்குப் பிறகு செல்லிப்பட்டில் மனை கேட்டு வந்தவர்களை உட்கார வைக்கப் பந்தல் போட வேண்டியதாயிற்று. வந்தவர்கள் மனையைப் பார்த்தார்களோ இல்லையோ, அவரைப் பார்த்து, "குறை நீங்கதானா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விற்றதில் எனக்கும் பங்கு தர வேண்டியிருந்தது. தந்தார். அடுத்த மாதம் வில்லியனூர் ரோட்டில் அவருடைய புதிய போர்டு ஏறியது. அதே கார், அதே கட்டிய கைகள். "மனை மன்னர்" என்று இருந்த இடத்தில், "மாமியார் சொன்ன ஒரே குறை" என்று இருந்தது. என்னைவிட அவர்தான் பயிற்சியில் நன்றாகக் கவனித்திருக்க வேண்டும்.

டீச்சர் தம்பதியரும் அங்கேதான் வாங்கினார்கள். பூமி பூஜைக்கு என் மாமியார்தான் முதல் செங்கல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போனோம். கொடுத்தார். செங்கல்லைத் தட்டிப் பார்த்து, "சூள ஆறதுக்கு முன்னாடி எடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். எல்லோரும் அதைக் கேட்கவே காத்திருந்ததுபோல் கைதட்டினார்கள்.

பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது டீச்சரின் மாமியார் என் மாமியாரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருல இருக்கற மனைக்கெல்லாம் கொற சொல்றீங்க. ஒங்க மருமவளப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே?"

பக்கத்தில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. நான் சுண்டல் தட்டோடு அப்படியே நின்றேன். மாமியார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயிலிருந்த சுண்டலை மெதுவாக மென்று விழுங்கினார்.

"அது வூட்டு விஷயம்" என்றார். "விக்கறதுக்கு இல்ல."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் சுண்டலை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரமாக ஸ்கூட்டியை எடுத்தேன். செல்லிப்பட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். பின்னாலிருந்து குரல் வந்தது. பெரியவங்க எதிர்ல அப்படியா நிக்கறது, சுண்டல் தட்ட இடது கையில புடிப்பாங்களா, அந்த டீச்சர் மாமியா புடவையப் பாத்து அப்படியா பல்லைக் காட்டறது, பூஜைக்குத் தலையில எண்ண வெக்காம வந்து நிக்கறியே. நெட்டப்பாக்கம் வரைக்கும் நிற்கவேயில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் நான் சிரித்தது அவருக்குத் தெரியாது. ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதும் பேச்சை விட்டுவிட்டு என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியாடி ஓட்ற நீ" என்றார்.